அந்தரத்தில் மிதக்கும் யானை

(தோட்டமொன்றில், பாலர் பள்ளி ஆண்டு விழாக் குழுவினரும் பெற்றோரும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



விடியற்காலையில் பெரட்டுக்கு நின்று, நண்பகல் வரை பால்வெட்டி, பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு, களைப்பையும் பொருட்படுத்தாமல் இம்மண்டபத்திற்கு வந்திருக்கிறீர்கள். உங்கள் பிள்ளைகளின் விழா சிறப்பாக நடைபெற வேண்டும் என்னும் ஆவலே உங்களை இங்கு அழைத்து வந்திருக்கிறது. அந்த ஆவலுக்கு நாம் முதலில் தலைவணங்குகிறோம்.

விழாக் குழுவினர் நம்மிடம் ஒரு வேண்டுகோளை வைத்தனர். மேடையில் பிள்ளைகள் காட்டு விலங்குகளின் கதையை நடிக்கப் போகிறார்கள்; அவர்களின் தலைக்கு மேலே பலூனால் செய்த யானையும் மானும் கிளியும் அந்தரத்தில் மிதக்க வேண்டும்; அதற்கு வழி என்ன? இதுவே அவர்கள் கேட்ட கேள்வி. நகரத்துக் கடையொன்றில் வாயு நிரப்பிய பலூன்களை வாங்கிவிடலாம் என்று சிலர் கருதுகின்றனர். பணம் போதுமா என்று வேறு சிலர் தயங்குகின்றனர்.

கேள்வி சிறியதுதான். ஆயினும் இதில் நம் பிள்ளைகளின் மகிழ்ச்சியும் அடங்கியிருக்கிறது. அவர்களின் உயிர்ப் பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது. ஆகவே இதனைச் சற்று விரிவாகவே பேச எண்ணுகிறோம்.

மிதப்பதும் மிதப்பதுபோல் தோன்றுவதும்

ஒரு பொருள் காற்றில் மிதப்பது வேறு. மிதப்பதுபோல் தோன்றுவது வேறு. முன்னதற்குச் சிறப்பு வாயு வேண்டும். பின்னதற்கு நம் மூச்சுக் காற்றும், கண்ணுக்குத் தெரியாத ஒரு நூலும், சிறிது பொறுமையும் போதும். மேடைக்கு வேண்டியது பின்னதுதான் என்பதே இன்றைய நமது பேச்சின் சாரம். ஏன் அவ்வாறு சொல்கிறோம் என்பதைப் படிப்படியாகக் காண்போம்.

பலூன் ஏன் மேலே எழுகிறது? காற்றுக்கு எடை இல்லை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது தவறு. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டராக உள்ள ஒரு பெட்டியைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். அதில் அடங்கும் காற்றின் எடை ஏறத்தாழ 1.2 கிலோகிராம். அதே பெட்டியில் ஹீலியம் என்னும் வாயுவை அடைத்தால் அதன் எடை 200 கிராமுக்கும் குறைவு. ஆற்றில் விழுந்த மூங்கிலை நீர் மேலே தள்ளுவதுபோல, கனமான காற்று இலேசான ஹீலியத்தை மேலே தள்ளுகிறது.

கணக்காகச் சொன்னால், ஒரு லிட்டர் ஹீலியம் ஏறத்தாழ ஒரு கிராம் எடையைத் தூக்கும். பதினோர் அங்குல விட்டமுள்ள உருண்டைப் பலூனில் ஏறத்தாழ 11 லிட்டர் வாயு கொள்ளும். அந்தப் பலூனின் ரப்பர் சுமார் 3 கிராம்தான். ஆகவே அது தன்னையும் தூக்கிக்கொண்டு, கட்டிய நூலையும் தூக்கிக்கொண்டு மேலே செல்கிறது.

விலங்கு உருவம் செய்யப் பயன்படும் நீளப் பலூனின் கதை வேறு. ஊதினால் அது இரண்டு அங்குலப் பருமனும் அறுபது அங்குல நீளமும் கொண்டிருக்கும். அதனால்தான் வணிகர்கள் அதனை 260 என்னும் எண்ணால் அழைக்கின்றனர். அதனுள் ஏறத்தாழ 3 லிட்டர் வாயுவே கொள்ளும். 3 லிட்டர் தூக்கக் கூடியது 3 கிராம். அதிலிருந்து பலூனின் எடையைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது மிகச் சொற்பம். இன்னொரு பலூனைச் சேர்த்து முறுக்கினாலும் நிலைமை மாறாது. தூக்கும் வலிமை கூடும்போது ரப்பரின் எடையும் உடன் கூடிவிடுகிறது. எனவே ஹீலியம் நிரப்பினாலும் பலூன் யானை தள்ளாடித் தள்ளாடித்தான் எழும். சில மணி நேரத்திற்குள் தரையில் இறங்கிவிடும்.

இறங்குவதற்கும் காரணம் உண்டு. நம் கண்ணுக்கு ஓட்டையில்லாததாகத் தெரியும் ரப்பர்த் தோலில், ஹீலியம் போன்ற மிக நுண்ணிய வாயு கசிந்து செல்ல இடம் இருக்கிறது. சாதாரணக் காற்றில் உள்ள வாயுக்கள் அத்துணை விரைவாகக் கசிவதில்லை. ஆகவே காற்று நிரப்பிய பலூன் சில நாள்கள் உருக்குலையாமல் நிற்கும். வாயுப் பலூனோ விழா முடியுமுன் வாடிவிடக் கூடும். மேடை அலங்காரத்துக்கு எது ஏற்றது என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.

இன்னொன்றையும் கருதுதல் வேண்டும். ஹீலியம் மண்ணில் எளிதில் கிடைக்கும் பொருளன்று. 1868ஆம் ஆண்டில் சூரியனின் ஒளியை ஆராய்ந்த அறிஞர்கள், பூமியில் அதுவரை அறியப்படாத ஒரு பொருளின் அடையாளத்தை அதில் கண்டனர். சூரியனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குப் பெயரிட்டனர். 1895ஆம் ஆண்டில்தான் வில்லியம் ராம்சே என்னும் அறிஞர் அதனைப் பூமியில் பிரித்தெடுத்துக் காட்டினார். இன்று அது சில நாடுகளின் எரிவாயுக் கிணறுகளிலிருந்து பிரித்தெடுக்கப்படுகிறது. மருத்துவமனைகளில் உடலின் உட்புறத்தைப் படமெடுக்கும் பெரிய காந்தக் கருவிகளைக் குளிர்விக்க அது தேவைப்படுகிறது. பலூனிலிருந்து வெளியேறும் ஹீலியமோ வானமண்டலத்தில் கலந்து, மீண்டும் கைக்கு வராமலே போய்விடுகிறது.

எந்த வாயு என்று கேட்டோமா?

இனி, நாம் அழுத்தமாகச் சொல்ல விரும்பும் செய்திக்கு வருகிறோம். பலூனை மேலே தூக்கும் வாயு ஹீலியம் மட்டுமன்று. ஹைட்ரஜன் என்னும் வாயு அதைவிடவும் இலேசானது, விலையும் மலிவு. ஆனால் அது தீப்பற்றும் வாயு. காற்றோடு நூற்றில் நான்கு பங்கு கலந்தாலே அது எரியும் நிலையை அடைந்துவிடுகிறது.

ஹைட்ரஜனுக்கும் பலூனுக்கும் உள்ள உறவு பழையது. 1783ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் ஜாக் சார்ல்ஸ் என்பவர், ரப்பர் கரைசல் பூசிய பட்டுத் துணியில் ஹைட்ரஜனை அடைத்து வானில் விட்டார். அது ஒரு கிராமத்தில் இறங்கியபோது, பூதம் வந்துவிட்டது என்றஞ்சிய கிராமத்தார் அதனைத் தாக்கிக் கிழித்துவிட்டனர். 1824ஆம் ஆண்டில் இலண்டனில் மைக்கல் ஃபாரடே என்னும் அறிஞர், ரப்பர்த் தகடுகள் இரண்டின் ஓரங்களை ஒட்டி, உட்புறம் ஒட்டாதிருக்க மாவைத் தூவி, ஹைட்ரஜன் சோதனைக்கென்று பை ஒன்றைச் செய்தார். அதுவே ரப்பர் பலூனின் தொடக்கம் எனலாம்.

அறிஞர்கள் ஆய்வுக்கூடத்தில் கையாண்ட அந்த வாயு, மக்கள் கூடும் இடத்திற்கு வந்தபோது பெருந்துயரம் விளைந்தது. 1937ஆம் ஆண்டு மே 6ஆம் நாள், ஹிண்டன்பர்க் என்னும் பெரிய ஆகாயக் கப்பல், அமெரிக்காவின் லேக்ஹர்ஸ்ட் என்னும் இடத்தில் தரையிறங்கும் வேளையில் தீப்பற்றி எரிந்தது. முப்பத்தாறு பேர் மாண்டனர். அதனுள் இருந்தது ஹைட்ரஜன். பெரிய கப்பலுக்குத்தானே அந்த ஆபத்து என்று எண்ணிவிடலாகாது. 2012ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆர்மீனியா நாட்டின் தலைநகரான எரெவானில் நடந்த ஒரு கூட்டத்தில், கொத்துக் கொத்தாகப் பிடித்திருந்த வாயுப் பலூன்கள் தீப்பற்றி வெடித்தன. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் காயமுற்றனர். அவை விளையாட்டுப் பலூன்கள்தாம்.

நாம் நேரில் கண்ட ஒன்றையும் சொல்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தோட்டத்தின் தீபாவளி விருந்துக்குச் சென்றிருந்தோம். மண்டபத்தின் வாசலில் ஒருவர் வாயுப் பலூன் விற்றுக் கொண்டிருந்தார். சிறுமி ஒருத்தி ஐந்தாறு பலூன்களைச் சேர்த்துப் பிடித்தபடி தன் தந்தையை நோக்கி ஓடி வந்தாள். தந்தையின் விரலிடுக்கில் சிகரெட் புகைந்து கொண்டிருந்தது. அவர் மகளைத் தூக்குவதற்குக் குனிந்தார். அருகில் நின்ற முதியவர் ஒருவர், “தம்பி, சிகரெட்டக் கீழ போடுப்பா!” என்று கத்தியவாறே அவர் கையைத் தட்டிவிட்டார்.

அன்று ஒன்றும் நேரவில்லை. ஆனால், பலூனில் இருப்பது எந்த வாயு என்று விற்றவரை நாம் கேட்டபோது, “காஸ்தான் சார்” என்றார் அவர். அதற்குமேல் அவருக்குத் தெரியவில்லை. வாங்கியவர்கள் ஒருவரும் கேட்கவுமில்லை. உண்மையைச் சொன்னால், அந்த முதியவர் குரல் கொடுக்கும் வரை நாமும் கேட்கவில்லை. அந்தச் சிறுமியின் முகம் நம் நினைவை விட்டு இன்னும் அகலவில்லை. இன்று உங்கள் முன் நின்று இதைப் பேசுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஹீலியத்தையும் ஹைட்ரஜனையும் கண்ணால் பார்த்து வேறுபடுத்த இயலாது. இரண்டுக்கும் நிறமில்லை, மணமில்லை, இரண்டும் பலூனைத் தூக்கும். நெருப்பைக் காட்டிச் சோதிப்பது அறிவீனம். வாயுக் கலத்தின் மீது எழுதியிருப்பதைப் படித்துப் பார்ப்பதொன்றே வழி. எழுத்து இல்லையாயின், விற்பவருக்கும் தெரியவில்லையாயின், அந்தப் பலூனை வாங்காதீர்கள்.

ஹீலியம் தீப்பற்றாது என்பது உண்மையே. ஆயினும் அதனை விளையாட்டாக உறிஞ்சிக் குரலை மாற்றிப் பேசும் வழக்கம் இளைஞரிடையே இருக்கிறது. ஹீலியத்தில் உயிர்வாயு இல்லை. உறிஞ்சியவர் மயங்கி விழலாம். வாயுக் கலத்திலிருந்து நேரே உறிஞ்சினால் அதன் அழுத்தத்தால் நுரையீரலே கிழிந்துவிடலாம். இவ்வாறு உயிரிழந்தோர் உண்டு.

பொம்மலாட்டக்காரர் காட்டிய வழி

அப்படியானால் மேடை வெறுமையாகத்தான் இருக்க வேண்டுமா? தேவையில்லை. பலூன் உருவங்களை ஊர்வலமாகக் கொண்டு சென்று உலகப் புகழ் பெற்ற நகரம் அமெரிக்காவின் நியூயார்க். அங்கு மேசிஸ் என்னும் பெரிய கடையினர் ஆண்டுதோறும் நன்றி நவிலும் திருநாளன்று ஓர் ஊர்வலம் நடத்துகின்றனர். 1924ஆம் ஆண்டில் அது தொடங்கியது. 1927ஆம் ஆண்டில் அதில் முதன்முதலாகப் பெரிய பலூன் உருவங்கள் இடம்பெற்றன. அவற்றை வடிவமைத்தவர் டோனி சார்க் என்னும் பொம்மலாட்டக் கலைஞர்.

பொம்மலாட்டத்தில் நூல் மேலே இருக்கும். பொம்மை கீழே ஆடும். சார்க் அதனைத் தலைகீழாக்கினார். பொம்மை மேலே, நூலைப் பிடிக்கும் மனிதர்கள் கீழே. முதலாண்டில் அவ்வுருவங்களில் காற்றையே நிரப்பிக் கோல்களால் தாங்கிச் சென்றனர். மறு ஆண்டிலிருந்துதான் ஹீலியம் வந்தது.

அந்த ஊர்வலத்தின் வரலாற்றில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1942ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் மலாயாவும் சிங்கப்பூரும் ஜப்பானியர் வசமாயின. இந்நாட்டுத் தோட்டங்களிலிருந்து அமெரிக்காவுக்குச் சென்று கொண்டிருந்த ரப்பர் நின்றுபோயிற்று. அங்கே பழைய டயர் முதற்கொண்டு ரப்பர்த் துண்டுகள் அனைத்தையும் போர்த் தேவைக்காகத் திரட்டினர். ஊர்வலப் பலூன்களும் அதற்காகக் கொடுக்கப்பட்டன. 1942 முதல் 1944 வரை ஊர்வலமே நடைபெறவில்லை. நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் வெட்டிய பால் போய்ச் சேராததால், உலகின் மறுகோடியில் குழந்தைகளின் பலூன் யானையும் வானை விட்டிறங்கியது. நம் உழைப்பு எங்கெங்கு சென்று சேர்கிறது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

நமக்கு இன்று பயன்படும் பாடம் 1958ஆம் ஆண்டில் கிடைத்தது. அவ்வாண்டில் அமெரிக்காவில் ஹீலியத்திற்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. ஊர்வலத்தார் கை பிசைந்து நிற்கவில்லை. பலூன் உருவங்களில் சாதாரணக் காற்றை அடைத்து, கட்டட வேலைக்குப் பயன்படும் பாரந்தூக்கிகளில் அவற்றைத் தொங்கவிட்டு, தெருவழியே கொண்டு சென்றனர். உருவங்கள் தெருவுக்கு மேலே உயர்ந்து வரத்தான் செய்தன. தாங்கியது மட்டுமே மாறிற்று. செல்வச் செழிப்புள்ள நாட்டின் பெருநகரமே அவ்வழியைக் கைக்கொண்டதென்றால், நாம் கைக்கொள்வதில் குறைவொன்றுமில்லை. நமக்குப் பாரந்தூக்கியும் வேண்டியதில்லை. மண்டபத்தின் உத்தரமே போதும்.

யானை செய்யும் முறை

இனி செய்முறையைச் சொல்கிறோம். நீளப் பலூன்களும் கைப்பம்பும் பலூன் விற்கும் கடைகளில் கிடைக்கும். நீளப் பலூனை வாயால் ஊதுவது கடினம், கைப்பம்பே சிறந்தது. நுனியில் ஒரு சாண் அளவு ஊதாமல் விட்டுவிட்டு மற்றப் பகுதியை ஊதி, வாயை முடிச்சிடுங்கள். நாம் முறுக்க முறுக்கக் காற்று அந்த நுனியை நோக்கிச் செல்லும். இடம் விடாவிட்டால் பலூன் வெடித்துவிடும்.

முடிச்சுப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். முதலில் ஒரு சாண் நீளம் விட்டு, அவ்விடத்தில் மூன்று முறை முறுக்குங்கள். அது துதிக்கை. அடுத்து ஐந்து அங்குலமாக இரண்டு துண்டுகள். அவ்விரண்டையும் மடித்துச் சேர்த்து, அடிப்பகுதியில் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால் இரு காதுகள் நிற்கும். அடுத்த இரண்டு அங்குலம் கழுத்து. பின்னர் நான்கு அங்குலமாக இரண்டு துண்டுகளை மடித்து முறுக்கினால் முன்னங்கால்கள். ஐந்து அங்குலம் உடல். மீண்டும் நான்கு அங்குலமாக இரண்டு துண்டுகள் பின்னங்கால்கள். எஞ்சியது வால்.

நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே. எல்லா முறுக்குகளையும் ஒரே திசையில் முறுக்க வேண்டும். இரு துண்டுகளைச் சேர்த்துப் பூட்டும் வரை கையை விடலாகாது. விட்டால் முறுக்கு பிரிந்துவிடும். முதல் இரண்டு பலூன்கள் வெடிக்கலாம். மூன்றாவது நிச்சயமாக யானையாகிவிடும். தினந்தோறும் பட்டையின் ஆழம் அறிந்து, மரத்திற்குக் காயம் படாமல் உளியைச் செலுத்தும் கைகளுக்கு இந்த முறுக்கு ஒரு பொருட்டன்று.

அந்தரத்தில் நிறுத்தும் முறை

தூண்டிலில் கட்டும் மெல்லிய நைலான் நூலை எடுத்துக் கொள்ளுங்கள். யானையின் எடை சில கிராமே ஆதலால், கடையில் கிடைப்பதிலேயே மிக மெல்லிய நூல் போதும். ஒரு நூலில் கட்டினால் யானை பம்பரம்போல் சுழலும். பார்ப்பவர்களுக்கு நூல் இருப்பது உடனே தெரிந்துவிடும். ஆகவே இரண்டு நூல்களைப் பயன்படுத்துங்கள். ஒன்றைக் கழுத்து முறுக்கிலும், மற்றதைப் பின்னங்கால் முறுக்கிலும் கட்டி, மேலே உத்தரத்தில் சற்று விலக்கிக் கட்டுங்கள். முறுக்குகளிலன்றி வேறு இடத்தில் நூலை இறுக்கிக் கட்டினால் பலூன் வெடிக்கக் கூடும்.

பின்னால் கறுப்பு அல்லது கருநீலத் துணியைத் தொங்கவிடுங்கள். விளக்கை யானைக்குப் பின்னால் வைக்காதீர்கள், நூல் பளிச்சிடும். பக்கவாட்டில் சற்றுத் தாழ வைத்தால், ஒளி யானையின் மீது விழும். நூல் இருளில் மறையும். விளக்கைப் பலூனுக்கு மிக அருகிலும் வைக்கலாகாது. வெப்பத்தால் காற்று விரிந்து பலூன் வெடித்துவிடும்.

எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் கட்டாமல், யானையைத் தாழவும், மானைச் சற்று மேலேயும், கிளியை எல்லாவற்றுக்கும் மேலேயும் கட்டுங்கள். மண்டபத்தின் இலேசான காற்றில் அவை அசையும். தொங்கும் பொருள் அசையாமல் நின்றால் தொங்குவதாகத் தெரியும். இலேசாக அசைந்தால் மிதப்பதாகத் தோன்றும். நமது மூச்சு அடங்கிய யானை அவ்வளவு இலேசானது என்பதே இங்கு நமக்குக் கிடைத்த வரம்.

பிள்ளைகளுக்கு இன்னொரு வேடிக்கையும் காட்டலாம். மேசை மின்விசிறியை, அதன் பாதுகாப்புக் கூண்டைக் கழற்றாமல், மேல்நோக்கிச் சாய்த்து அசையாதபடி நிறுத்துங்கள். சிறிய உருண்டைப் பலூன் ஒன்றின் முடிச்சில், காகிதங்களைச் சேர்க்கும் கம்பிக் கவ்வி ஒன்றை மாட்டி, காற்றோட்டத்தில் விடுங்கள். பலூன் கீழே விழாது. ஓரமாகவும் எளிதில் ஓடிவிடாது. நூலில்லை, வாயுவில்லை, காற்றோட்டமே அதனைத் தாங்கி நிற்கும். அதிக எடையாகத் தோன்றினால் கவ்வியை மாற்றிப் பாருங்கள். பெரியவர் ஒருவர் அருகில் இருந்தே இதனைச் செய்ய வேண்டும்.

பலூனைத் தலைமுடியில் தேய்த்துச் சுவரில் ஒட்டவைக்கும் வித்தையைப் பள்ளிப் பிள்ளைகள் அறிவார்கள். தேய்ப்பதால் பலூனில் மின்னேற்றம் உண்டாகிறது. அதுவே சுவரோடு ஒட்ட வைக்கிறது. வறண்ட நாடுகளில் அது நெடுநேரம் நிற்கும். நம் நாட்டிலோ காற்றில் எப்பொழுதும் ஈரம் மிகுதி. ஈரம் அந்த மின்னேற்றத்தைக் கவர்ந்து சென்றுவிடும். ஆகவே மேடைக்கு அதனை நம்பியிருக்க வேண்டாம்.

பெற்றோர் கவனத்திற்கு

சில எச்சரிக்கைகளைக் கூறி முடிக்க எண்ணுகிறோம். இவற்றை இலேசாகக் கொள்ளாதீர்கள்.

முதலாவது, உடைந்த பலூன் துண்டு. பலூன் வெடித்தவுடன் நாம் சிரிக்கிறோம். பிள்ளை அந்தத் துண்டை எடுத்து வாயில் வைத்து உறிஞ்சுகிறது. ஈரமான மெல்லிய ரப்பர் தொண்டைக்குள் சென்றால், மூச்சுக் குழாயின் வடிவத்திற்கேற்ப விரிந்து, மூடிபோல் அடைத்துக் கொள்ளும். மற்றப் பொருள்களைப்போல் அதனை வெளியே எடுப்பது எளிதன்று. இக்காரணத்தாலேயே அமெரிக்காவில், எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஆபத்து என்னும் எச்சரிக்கையைப் பலூன் பொட்டலங்களில் அச்சிட வேண்டும் என்று 1994ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டது. எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடம் ஊதாத பலூனைக் கொடுக்காதீர்கள். வெடித்த துண்டுகளை உடனே பொறுக்கிக் குப்பையில் சேருங்கள். விழா நாளில் இப்பணிக்கென்றே இருவரை நியமிப்பது நலம்.

இரண்டாவது, நைலான் நூல். கண்ணுக்குத் தெரியாத நூல் மேடைக்கு அழகு, நடைபாதைக்கு ஆபத்து. நூல் முழுவதும் தலைக்கு மேலேயே இருத்தல் வேண்டும். மேல்கூரை மின்விசிறிக்கும் மின்கம்பிக்கும் அருகில் கட்டவே கூடாது. விழா முடிந்ததும் நூலை அறுத்துச் சுருட்டி எடுத்துவிட வேண்டும். மேலே ஏறிக் கட்டும் வேலையைப் பிள்ளைகளிடம் விடாதீர்கள். உறுதியான ஏணியில், கீழே ஒருவர் பிடித்திருக்க, பெரியவர் ஏறட்டும்.

மூன்றாவது, பலூனை வானில் பறக்கவிடும் வழக்கம். மேலே சென்றது எங்கேனும் கீழே விழத்தான் வேண்டும். ரப்பர் மரத்தின் பாலிலிருந்து வந்ததாயினும், மண்ணோடு மண்ணாக அதற்கு நெடுநாள் ஆகும். அதற்குள் ஆற்றிலும் கடலிலும் விழுந்தவற்றை ஆமை முதலிய உயிர்கள் இரையென்று எண்ணி விழுங்கிவிடுகின்றன. கட்டித் தொங்கவிட்ட யானையோ விழா முடிந்ததும் நம் கைக்கே திரும்பி வந்துவிடும்.

நம் பாலின் பயணம்

இறுதியாக ஒரு சொல். பெரியவர்களே, இந்தப் பலூன் எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகள் கேட்டால், கடையிலிருந்து என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள்.

மங்கில் சொட்டும் பால் உறையாதிருக்க அதில் அம்மோனியா சேர்க்கப்படுகிறது. பின்னர் அது ஆலைக்குச் சென்று, வேகமாகச் சுழலும் பொறியில் நீர் பிரிக்கப்பட்டு, நூற்றுக்கு அறுபது பங்கு ரப்பர் உள்ள கெட்டிப் பாலாகிறது. கந்தகமும் வண்ணமும் வேறு சில மருந்துகளும் அதில் கலக்கப்படுகின்றன. பலூன் வடிவிலான அச்சை, பாலை உறையச் செய்யும் கரைசலில் ஒருமுறை நனைத்துப் பிறகு அந்தப் பாலில் முக்கி எடுக்கிறார்கள். அச்சின் மீது மெல்லிய தோல் படிகிறது. அதன் வாயைச் சுருட்டி, வெந்நீரில் கழுவி, அடுப்பில் வேகவைத்து உரித்தெடுத்தால் பலூன். மருத்துவர்கள் அணியும் ரப்பர்க் கையுறையும் ஏறத்தாழ இம்முறையில்தான் உருவாகிறது.

வெயிலில் கிடந்த ஒட்டுப்பால் கெட்டுப்போவதை நீங்கள் அறிவீர்கள். பலூனும் அப்படியே. ஊதி வெயிலில் வைத்தால் அதன் பளபளப்பு மங்கி, மேலே வெண்மை படரும். அது தன் தாய்மரத்தை இன்னும் மறக்கவில்லை போலும்!

ஆகவே விழா நாளன்று, திரை விலகி, விளக்கு எரிந்து, உங்கள் பிள்ளைகளின் தலைக்கு மேலே அந்த யானை அசையும்போது, அதில் மூன்று பொருள்கள் இருக்கும். ரப்பர் உங்கள் உழைப்பு. உள்ளே அடைபட்டிருப்பது நீங்கள் பம்பை அழுத்தி நிரப்பிய இம்மண்டபத்துக் காற்று. மூன்றாவதாகிய நூலைப் பிள்ளைகள் காண மாட்டார்கள். அதனைக் கட்டிய கைகளையும் காண மாட்டார்கள். காணாவிட்டால் என்ன? பிள்ளைகளைத் தாங்கி நிற்பவை பெரும்பாலும் அவர்கள் காணாத கைகள்தாமே.

யானை மிதப்பதாகவே அவர்கள் நம்பட்டும். தீயும் புகையும் அதன் அருகில் வாராதிருக்க நாம் பார்த்துக் கொள்வோம்.